வண்ணம் பூசிய பழைய இரும்புப் பொருட்களில் துரு நீக்கல்: சின்னாளப்பட்டி வீட்டுப் பெட்டிகளை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

வட்டார வரலாற்று ஆய்வில் வீட்டுப் புழங்குபொருட்களும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் வண்ணம் பூசிய இரும்புத் தகட்டுப் பெட்டிகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றின் மேற்பரப்பில் பெயர், ஊர், ஆண்டு, பூவேலை ஆகியன தீட்டப்பட்டிருக்கும். துருவை அகற்றும் ஆர்வத்தில் இப்பூச்சு அழிக்கப்படும்போது பொருள் எஞ்சுகிறது, சான்று மறைகிறது. வண்ணம் பூசிய இரும்பில் துரு நீக்கலின் நோக்கம் உலோகத்தைப் பளபளப்பாக்குவது அன்று, துருவின் வளர்ச்சியை நிறுத்திப் பூச்சைக் காப்பதே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது. அதற்குரிய காரணங்களும் செயல்முறையும் சின்னாளப்பட்டிச் சூழலோடு பொருத்தி விளக்கப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: துரு, வண்ணப்பூச்சு, டிரங்குப் பெட்டி, சின்னாளப்பட்டி, கடுக்காய், எழுத்துச் சீர்திருத்தம், பொருட்பாதுகாப்பு.

1. முன்னுரை

உலோகங்களில் தோன்றும் கேட்டினைத் தமிழ் இரு சொற்களால் பிரித்துக் காட்டுகிறது. செம்பிலும் பித்தளையிலும் படிவது களிம்பு. இரும்பில் தோன்றுவது துரு. ஈழத்தமிழில் இரும்பின் துருவைக் கறள் என்பர். சொல்லளவில் நிலவும் இவ்வேறுபாடு நடைமுறையில் பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டுத் துலக்கிப் பளபளப்பாக்கும் பழக்கம் நம் வீடுகளில் ஆழ வேரூன்றியது. பழைய இரும்புப் பெட்டியொன்று கைக்கு வந்ததும் அதே பழக்கத்தில் புளி, எலுமிச்சை, உப்புத்தாள், கம்பித் தூரிகை ஆகியவற்றை நாடுகிறோம். களிம்பு நீங்கிய பித்தளை மேலும் பல்லாண்டு பயன்படும். ஆனால் வண்ணம் பூசிய இரும்பை அவ்வாறு துலக்கினால் துருவுக்கு முன்பே வண்ணம் போய்விடும்.

கல்லூரித் துறைகள் பழம்பொருட்களைத் திரட்டிக் காட்சிக்கு வைக்கும் வழக்கம் பெருகிவரும் இக்காலத்தில் இது சிறிய செய்தியன்று. மாணவர்கள் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு நாள் தூய்மைப்பணி, அப்பொருளிலிருந்து படிக்கக் கூடியதை நிலையாக நீக்கிவிடக் கூடும்.

2. களமும் பொருளும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியில், சிறுமலையை ஒட்டிய சமவெளியில் அமைந்த நெசவூர் சின்னாளப்பட்டி. சுங்குடிச் சேலைகளால் பெயர்பெற்ற இவ்வூரை அடுத்து, 1947-இல் தொடங்கப்பட்ட காந்திகிராமமும் 1956-இல் உருவான காந்திகிராம கிராமிய நிறுவனமும் உள்ளன. இரும்புத் தொழிலுக்கும் இவ்வட்டாரம் அறிமுகமானதே. திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூட்டும் பெட்டியும் இணைந்தே புழங்குவன. ஆதலால் இப்பகுதி வீடுகளில் இரும்புச் சான்றுகள் கிடைப்பது இயல்பு.

டிரங்குப் பெட்டி திருமணச் சீராகவும் துணிமணிகள் வைக்கும் கொள்கலனாகவும் தமிழகமெங்கும் விளங்கியது. மெல்லிய இரும்புத் தகட்டை மடித்து, ஓரங்களைத் தறையாணியிட்டு இணைத்து, கீல், நாதாங்கி, கைப்பிடி ஆகியவற்றைப் பொருத்தி, அடிப்பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் பூசுவர். மூடியின் மேல் பூங்கொத்து, கிளி, தாமரை போன்றனவும் உரியவர் பெயரும் தீட்டப்படுவதுண்டு.

சாயத்தொழில் நடைபெறும் ஊரில் இப்பெட்டிகளுக்குக் கூடுதல் இடர் ஒன்று உண்டு. சாயத் தொட்டியில் நிறம் ஏறுவதற்கு உப்பு சேர்க்கப்படுகிறது. நூலை வெளுக்க வெளுப்புத் தூள் பயன்படுகிறது. இவ்விரண்டிலிருந்தும் வரும் குளோரைடு, இரும்பின் மேல் படிந்தால் துருவை விரைவுபடுத்தும். பட்டறையை ஒட்டிய அறையில் நெடுங்காலம் இருந்த பெட்டியையும் உள்வீட்டில் இருந்த பெட்டியையும் ஒரே தன்மையுடையனவாகக் கருதுதல் கூடாது. பொருளின் வரலாற்றைக் கேட்டறிதல், அதன் வேதிநிலையை அறியும் முதற்படியும் ஆகும்.

3. பூச்சு சான்றாதல்

பெட்டியின் பூச்சில் உள்ள எழுத்து, காலக்கணிப்புக்கு உதவக்கூடியது. தமிழக அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதன்படி ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட எழுத்துகளின் பழைய கூட்டு வடிவங்கள் நீங்கி இன்றைய வடிவங்கள் நடைமுறைக்கு வந்தன. சின்னாளப்பட்டி என்னும் ஊர்ப்பெயரிலேயே 'னா' இடம்பெற்றுள்ளது. அருகிலுள்ள சிறுமலையின் பெயரில் 'லை' உள்ளது. பெட்டியின் மேல் ஊர்ப்பெயர் தீட்டப்பட்டு, அதில் 'னா' பழைய வடிவில் இருப்பின், தீட்டியவர் பழைய எழுத்துமுறையில் பயின்றவர் எனக் கொள்ளலாம்.

இச்சான்றை அளவறிந்து பயன்படுத்த வேண்டும். பெரியார் 1935-ஆம் ஆண்டிலேயே தம் இதழில் சீர்திருத்த வடிவங்களைக் கையாளத் தொடங்கினார். மறுபுறம், பழைய முறையில் பயின்ற ஓவியர் 1978-க்குப் பின்னரும் பழகிய வடிவையே எழுதியிருக்கலாம். ஆகவே எழுத்துவடிவம் காலத்தைச் சுட்டுமேயன்றி முடிவாக அறுதியிடாது. எனினும், வேறு ஆவணமற்ற வீட்டுப் பொருளுக்கு இத்தகைய சுட்டே பெரும் பேறு. அது தங்கியிருப்பதோ ஒரு விரல்நகம் அளவுள்ள வண்ணக் கோட்டில். உப்புத்தாளின் ஒரே இழுப்பில் அது மறைந்துவிடும்.

4. துரு தோன்றும் முறை

இரும்பு, நீர், உயிர்வளி ஆகிய மூன்றும் சேரும்போது துரு உண்டாகிறது. காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைக் கடக்கும்போது இம்மாற்றம் விரைவுபெறும். குளோரைடு உப்பு இருப்பின் அதனினும் குறைந்த ஈரத்திலேயே துருப்பிடிக்கும். வெறுங்கையால் தொடும்போது படியும் வியர்வையும் உப்பு கொண்டதே. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பழைய பெட்டிகளில் புதுத்துரு தோன்றுவதன் காரணம் இதுவே.

துரு, தான் தோன்றிய இரும்பைக் காட்டிலும் இருமடங்கிற்கு மேற்பட்ட இடத்தை அடைக்கும். பூச்சுக்கு அடியில் துரு வளரும்போது அது பூச்சை மேல்நோக்கித் தள்ளுகிறது. முதலில் கொப்புளம், பின்னர் வெடிப்பு, இறுதியில் உதிர்வு என மூன்று நிலைகள் தொடர்கின்றன. வெடிப்பின் வழியே மேலும் ஈரம் புகும். எனவே துரு இருக்குமிடத்திலெல்லாம் பூச்சு ஏற்கெனவே பிடிப்பு தளர்ந்திருக்கிறது எனக் கருதியே செயற்பட வேண்டும். துருவை உரசி எடுக்கும் கை, அதனோடு ஒட்டியுள்ள தளர்ந்த பூச்சையும் எடுத்துவிடும்.

5. வழக்கமான முறைகளும் அவற்றின் கேடும்

5.1 அமிலங்கள்: புளி, எலுமிச்சை, வினிகர், கடைகளில் கிடைக்கும் பாஸ்பாரிக் அமிலக் கரைசல் ஆகியன துருவைக் கரைக்கும். ஆனால் அவை வெடிப்புகளின் வழியே பூச்சுக்கு அடியில் புகுந்து நல்ல இரும்பையும் அரிக்கும். மடிப்புகளில் தேங்கிய அமிலத்தை முழுமையாகக் கழுவி நீக்குதல் அரிது. கழுவிய சில மணி நேரத்திலேயே புதுத்துரு படர்வதும் உண்டு.

5.2 காரங்கள்: சலவைச் சோடாவும் கடுமையான சலவைத்தூளும் எண்ணெய் வண்ணத்தின் எண்ணெய்ப் பகுதியைச் சோப்பாக மாற்றி, பூச்சை மென்மையாக்கி உரிக்கும்.

5.3 உராய்வுப் பொருட்கள்: உப்புத்தாள், கம்பித் தூரிகை, செங்கல் தூள் ஆகியன வண்ணத்தையும் துருவையும் வேறுபடுத்தி அறியா. மேலும் பழைய வண்ணங்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. ஈயச் செந்தூரம் அடிப்பூச்சாகவும், ஈயக் குரோமேட் மஞ்சள் நிறமியாகவும் பரவலாகப் பயன்பட்டன. இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து இலட்சத்தில் 90 பங்கு எனக் கட்டுப்படுத்தும் விதி 2016-இல் வெளியாகி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முற்பட்ட பூச்சு எதனையும் ஈயம் உள்ளதாகவே கொள்ள வேண்டும். அதை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசு மாணவர்களின் உடலுக்குக் கேடு விளைவிக்கும்.

5.4 மின்பகுப்பு: சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930-இல் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்புக் கூடம், செப்புத் திருமேனிகளை மின்பகுப்பு முறையால் தூய்மைசெய்து புகழ்பெற்றது. அதனால் இம்முறை எல்லா உலோகங்களுக்கும் ஏற்றது எனச் சிலர் கருதுகின்றனர். வண்ணம் பூசிய இரும்புக்கு இது பொருந்தாது. காரக் கரைசலில் எதிர்மின்முனையாக இணைக்கப்பட்ட இரும்பின் மேற்பரப்பில் ஹைட்ரஜன் குமிழிகள் தோன்றிப் பூச்சை அடியிலிருந்து பெயர்த்துவிடும். செப்புத் திருமேனிக்கு மருந்தாவது இங்கு நஞ்சாகிறது.

5.5 எண்ணெயும் தின்னரும்: தேங்காய் எண்ணெய் பூசினால் முதலில் நிறம் பொலிவுறும். நாளடைவில் அது சிக்குப்பிடித்துத் தூசியை ஈர்க்கும். தூசி ஈரத்தைப் பிடித்து வைக்கும். வண்ணக்கடைத் தின்னர் பழைய பூச்சையே கரைத்துவிடும். பழைய தையல் இயந்திரங்களில் கறுப்புப் பூச்சின் மேலுள்ள பொன்னிறப் படங்கள் அரக்கு மெருகால் காக்கப்பட்டிருக்கக் கூடும். அரக்கு, சாராயத்தில் கரைவது. ஆதலால் ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் படம் மறையக்கூடும்.

6. பாதுகாப்பான செயல்முறை

6.1 பதிவு: எதனையும் தொடுவதற்கு முன் பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுக்க வேண்டும். விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து எடுத்தால் கொப்புளங்களும் மங்கிய எழுத்துகளும் நிழலால் புலப்படும். எழுத்துகளை உள்ளவாறே, வடிவ வேறுபாடுகளுடன் படியெடுக்க வேண்டும். உரியவரிடம் பெட்டியின் வரலாற்றைக் கேட்டுக் குறிப்பதும் இக்கட்டத்துக்கு உரியது.

6.2 நிலையறிதல்: காந்தம் ஒட்டுகிறதா என முதலில் பார்க்கலாம். கீலும் பூட்டுத்தகடும் பித்தளையாக இருக்கலாம். வெண்மையான பொடி காணப்பட்டால் அது துத்தநாகப் பூச்சின் சிதைவாக இருக்கக்கூடும். அதனைத் துருவெனக் கொள்ளலாகாது. துருவையும் மூவகையாகப் பிரித்தறிய வேண்டும்.

(அ) பூச்சின் மேல் வழிந்து படிந்த துருக்கறை. இதன் அடியில் வண்ணம் நலமாக இருக்கும்.

(ஆ) பூச்சு உதிர்ந்த இடத்தில் வெளிப்பட்ட இரும்பின் துரு.

(இ) பூச்சுக்கு அடியில் வளர்ந்து கொப்புளமாகத் தோன்றும் துரு.

கருமை சார்ந்த பழுப்பு நிறத்தில் இறுகிப் பிடித்துள்ள துரு பெரும்பாலும் அடங்கியது. தொட்டால் விரலில் ஒட்டும் ஆரஞ்சு நிறப் பொடியும், ஈரநாளில் தோன்றும் சிறு நீர்த்துளிகளும் வளரும் துருவின் அடையாளங்கள். முன்னதை விட்டுவிடலாம், பின்னதையே கவனிக்க வேண்டும். குளோரைடு உள்ளதா என அறிய, காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் துருவை ஒற்றி, அந்நீரைக் கல்லூரி வேதியியல் துறையில் கொடுத்தால், நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சேர்த்து வெண்கலங்கல் தோன்றுகிறதா எனச் சோதித்துச் சொல்வர்.

6.3 முன்சோதனை: கண்ணில் படாத மூலையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பஞ்சுக் குச்சியைச் சிறிது காய்ச்சி வடித்த நீரில் நனைத்து உருட்டிப் பார்க்கலாம். பஞ்சில் நிறம் ஏறவில்லையெனில் அடுத்து மினரல் டர்பண்டைன் கொண்டு அவ்வாறே சோதிக்கலாம். நிறம் ஏறினால் அத்திரவம் அப்பகுதிக்கு ஆகாது. சிவப்பு தாங்குவதைப் பச்சை தாங்கும் என்பதற்கு உறுதியில்லை.

6.4 தளர்ந்த பூச்சை நிலைப்படுத்தல்: உதிரும் நிலையிலுள்ள பூச்சை முதலில் ஒட்டவைத்த பின்னரே துருவைத் தொட வேண்டும். இவ்வரிசை மாறக்கூடாது. பாதுகாப்பு வல்லுநர்கள் இதற்குப் பாராலாய்டு பி-72 என்னும் அக்ரிலிக் பிசினைக் கரைசலாக்கிப் பயன்படுத்துகின்றனர். கரைப்பான் பூச்சைத் தாக்கக் கூடும் என்பதால் இதனை வல்லுநர் கையில் விடுவதே முறை. கொப்புளங்களைக் குத்துதலும் அழுத்துதலும் கூடாது.

6.5 உலர்தூய்மை: ஆட்டுமயிர்த் தூரிகையால் தூசியை மெல்லத் தள்ளி, வலைத்துணி கட்டிய உறிஞ்சுகருவியால் எடுக்கலாம். கையுறையும் முகக்கவசமும் இன்றியமையாதன.

6.6 துருவை எடுத்தல்: துருக்கறைக்கு மினரல் டர்பண்டைனில் சிறிது நனைத்த பஞ்சுக் குச்சி போதும். தேய்க்காமல் உருட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிய பஞ்சைப் பயன்படுத்த வேண்டும். வெளிப்பட்ட இரும்பில் உள்ள தளர்ந்த துருவை, உருப்பெருக்கியின் கீழ், கூராக்கிய மூங்கில் சிலாம்பால் எடுக்கலாம். சிலாம்பைப் பூச்சின் விளிம்பிலிருந்து வெற்று இரும்பை நோக்கி இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் தள்ளினால் முனை விளிம்பின் அடியில் புகுந்து பூச்சைப் பெயர்த்துவிடும். இறுகிய துரு எடுபடவில்லையெனில் அங்கேயே நிறுத்துதல் தகும். விரல் அளவுள்ள ஓரிடத்துக்கு ஒரு மணி நேரம் ஆவதும் இயல்பே.

6.7 எஞ்சிய துருவை அடக்கல்: கடுக்காயும் அன்னபேதியும் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பதை மை காய்ச்சியோரும் சாயமிட்டோரும் அறிந்திருந்தனர். கடுக்காயிலுள்ள டானின் இரும்போடு கூடி இரும்பு டானேட் என்னும் நீர்பற்றாத கருஞ்சேர்மமாகிறது. பொருட்பாதுகாப்பில் டானிக் அமிலக் கரைசலைத் துருவின் மேல் இடுவதன் அடிப்படையும் இதுவே. எஞ்சிய துரு கருநீல நிறம் பெற்று ஓரளவு அடங்கும்.

எனினும் கடுக்காயைக் காய்ச்சிய சாற்றை நேரே பூசுதல் கூடாது. அதில் சர்க்கரையும் பிற பொருட்களும் கலந்திருக்கும், அளவும் நிலைப்படாது. ஆய்வகத் தூய்மையுள்ள டானிக் அமிலத்தையே குறைந்த அடர்த்தியில் பயன்படுத்த வேண்டும். நுண்தூரிகையால் வெற்று இரும்பின் மேல் மட்டும் இட்டு, பூச்சின் விளிம்புக்கு முன்பே நிறுத்த வேண்டும். துருநீர் ஊறிய பூச்சில் இது பட்டால் அங்கும் கருங்கறை தோன்றும். அதனை மீட்க இயலாது. குளோரைடு மிகுந்த இடத்தில் இதனால் மட்டும் துரு நிற்காது.

6.8 உலர்த்தலும் மெழுகிடலும்: வெயிலில் வைத்தல் கூடாது. தகடு சூடேறி விரியும்போது விறைத்த பூச்சு வெடிக்கும். நிழலில், காற்றோட்டத்தில் நன்கு உலர்த்திய பின் நுண்படிக மெழுகை மென்துணியால் மிக மெல்லிதாக இடலாம். சுங்குடித் துணியில் மெழுகு அச்சிட்ட இடத்தைச் சாயம் தீண்டாததுபோல, மெழுகிட்ட இடத்தை ஈரம் எளிதில் அணுகாது. பின்னாளில் தேவையெனின் மினரல் டர்பண்டைனால் மெழுகைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். வார்னிஷ் அவ்வாறு எளிதில் நீங்காது. உதிரும் பூச்சின் மேல் மெழுகிடல் தகாது.

7. மீள்தீட்டலும் வைப்பும்

மங்கிய பெயரைப் புதுவண்ணத்தால் மீண்டும் எழுதுதல் பலருக்கும் இயல்பாகத் தோன்றும் விருப்பம். அவ்வாறு எழுதப்பட்டதும் அது இன்றைய கையெழுத்தாகிவிடும். பழைய 'னா'வைப் புதிய வடிவில் எழுதிவிட்டால் காலச்சான்று அழிவதோடு, பிற்கால ஆய்வாளர் தவறான முடிவுக்கும் செல்வர். எழுத்தைப் படிக்கச் செய்ய வேண்டுமெனில், படியெடுத்த வரைபடத்தைப் பெட்டியின் அருகில் வைக்கலாம்.

பொருள் இன்னும் குடும்பத்தாரிடமே இருப்பின், முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. மகளின் வீட்டுக்குப் புதுவண்ணம் பூசி அனுப்ப அவர்கள் விரும்பினால் அதனைத் தடுக்க ஆய்வாளருக்கு உரிமையில்லை. பூசுவதற்கு முன் முழுமையாகப் பதிவுசெய்துகொள்ள இசைவு கேட்பதே அவர் செய்யத்தக்கது.

வைப்பிடத்தில் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் நேரே வைக்காமல் மரக்கட்டைகளின் மேல் வைக்க வேண்டும். சுவரிலிருந்து சிறிது விலக்கி வைத்தால் காற்று உலவும். நெகிழித்தாளால் இறுகச் சுற்றினால் உள்ளே ஈரம் தங்கும். மழைக்காலத்தில் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைத்து, அது ஈரமேறியதும் மாற்ற வேண்டும். ஈரமானியைப் பார்த்து ஒப்பு ஈரப்பதத்தை 50 விழுக்காட்டுக்குக் கீழ் வைத்திருக்க இயன்றால், குளோரைடு இல்லாத பெட்டியில் புதுத்துரு பெரிதும் குறையும்.

8. முடிவுரை

வண்ணம் பூசிய பழைய இரும்பில் துரு முழுதும் நீங்க வேண்டும் என்பது தேவையற்ற நோக்கம். பெரும்பாலும் தீங்கான நோக்கமும் ஆகும். வளரும் துருவை நிறுத்துதல், அடங்கிய துருவை விட்டுவைத்தல், பூச்சை இருந்தவாறே காத்தல் என்னும் மூன்றும் இங்குப் பரிந்துரைக்கப்படுகின்றன. சின்னாளப்பட்டி போன்ற தொழிலூரில் பெட்டியின் துரு அவ்வூரின் உப்பையும் சாயத்தையும் பற்றிப் பேசுகிறது. பூச்சு அதன் எழுத்தையும் உரியவரையும் பற்றிப் பேசுகிறது. ஒன்றை நீக்கும்போது மற்றொன்று இழக்கப்படாதிருக்கத் தமிழ்த்துறையும் வேதியியல் துறையும் ஒரே மேசையில் அமர்ந்து பணியாற்ற வேண்டும். அதற்கு இயலாதவிடத்து, படமெடுத்து, தூசி தட்டி, உலர்ந்த இடத்தில் வைத்துவிடுவதே போதுமானது. அவ்வாறு வைத்த பெட்டியில் பின்வரும் ஆய்வாளர் படிப்பதற்கு எழுத்து எஞ்சியிருக்கும்.